கோடிட்ட இடத்தில் பேசுவது யார்?



உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான ஆங்கில இலக்கணப் பயிற்சி என்பது இன்றைய தலைப்பு. ஆங்கிலக் கல்வி என்று அகலமாகக் கொடுத்திருந்தால் மெக்காலேயைத் திட்டிவிட்டு, இருமொழியா மும்மொழியா என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு, கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கியிருக்கலாம். அந்த வசதி எனக்கு இல்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளையின் இலக்கண நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். பிரிப்போம்.

'ஓப்பன் த டோர்' என்று ஒரு வரி. அம்புக்குறி போட்டு அடுத்த வரியில் 'லெட் த டோர் பி ஓப்பன்ட்'. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு டிக். செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றும் பயிற்சி இது. விடை இலக்கணப்படி சரி, மதிப்பெண்ணும் உண்டு. ஆனால் வாசலில் நின்றுகொண்டு 'கதவு திறக்கப்படுவதாக' என்று குரல் கொடுக்கும் மனிதரை யாராவது பார்த்திருக்கிறோமா? ராஜபார்ட் நாடகத்தில்கூட 'யாரங்கே' என்றுதான் கூப்பிடுவார்கள். அடுத்த பக்கத்தில், 'நோ அதர் பாய் இன் த கிளாஸ் இஸ் அஸ் டால் அஸ் ராமு'. ராமுதான் உயரம் என்பதை மூன்று விதமாக மாற்றி எழுதத் தெரிந்த அதே மாணவி, காய்ச்சலில் படுத்துவிட்டு மறுநாள் வகுப்புக்கு வருகிறாள். நேற்று ஏன் வரவில்லை என்று டீச்சர் ஆங்கிலத்தில் கேட்டால், 'யெஸ்டர்டே ஐ ஆம் நாட் கமிங் மிஸ், ஃபீவர்' என்கிறாள். நோட்டில் பத்து இடத்தில் சரியாக எழுதிய 'டிட் நாட்' வாய்க்கு வரவில்லை.

இதற்கு வழக்கமாக இரண்டு வைத்தியம் சொல்வார்கள். பயிற்சி போதவில்லை, இன்னும் நிறையக் கொடுங்கள் என்பது ஒன்று. இலக்கணமே வேண்டாம், பேசவிடுங்கள், தானாக வரும் என்பது மற்றொன்று. இரண்டிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. நம் பயிற்சி வாக்கியங்களை யாரும் யாரிடமும் சொல்வதில்லை என்பதுதான் என் புகார். சொல்பவரும் கேட்பவரும் இல்லாத வாக்கியத்தில் இலக்கணத்துக்குச் செய்வதற்கு ஒரு வேலையும் கிடையாது. இதை மட்டும்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

இப்படிப்பட்ட வாக்கியங்கள் நமக்கு எங்கிருந்து வந்தன? 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஆன் ஃபிஷர் என்ற ஆசிரியை ஓர் இலக்கணப் புத்தகம் போட்டார். பிழையான வாக்கியங்களைக் கொடுத்துத் திருத்தச் சொல்லும் பயிற்சி அதில் உண்டு. பிறகு வந்தவர் லிண்ட்லி மரே. அமெரிக்க வழக்கறிஞர், இங்கிலாந்து போய் யார்க் நகருக்கு அருகில் தங்கியவர். அங்கே ஒரு பெண்கள் பள்ளிக்காக அவர் எழுதிய இலக்கணம் 1795இல் வந்தது. இரண்டாண்டு கழித்துப் பயிற்சிகளுக்கென்றே தனிப் புத்தகம் போட்டார். நம் வினாத்தாளின் 'ஸ்பாட் த எரர்' அந்த வீட்டுப் பிள்ளைதான்.

யார்க் நகரத்துச் சிறுமிகளின் தாய்மொழி ஆங்கிலம். பிழையான வாக்கியத்தைப் படித்ததும் அவர்கள் காது உறுத்தும். உறுத்திய இடத்தை எழுத்தில் காட்டச் சொன்னார் மரே. இருக்கிற மொழியை மெருகேற்றும் வேலை அது. ஆங்கிலம் காதிலேயே விழாத ஊரில் இருக்கும் நம் பிள்ளைக்கு எது உறுத்தும்? அதனால் அவள் தடயம் தேடுகிறாள். 'ஒன் ஆஃப் த' வந்தால் பின்னால் பன்மை இருக்கிறதா என்று பார், 'சின்ஸ்' வந்தால் 'ஹேஸ் பீன்' இருக்கிறதா என்று பார் என்று டியூஷனிலும் சொல்லித்தருகிறார்கள். அவளும் ஐந்து மதிப்பெண்ணை அள்ளிவிடுகிறாள். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது மொழிப் பயிற்சி ஆகாது.

மரேயின் வழிமுறை நெஸ்ஃபீல்டு எழுதிய இலக்கண நூல்கள் வழியாக இந்தியப் பள்ளிகளுக்குள் வந்தது. அவருக்குப் பின் வந்தது நாம் எல்லோரும் அறிந்த ரென் அண்டு மார்ட்டின். அந்த ரென், பம்பாய் மாகாணத்தில் கல்வித் துறையில் இருந்தவர், ஃபிரெஞ்சு அயல்நாட்டுப் படையை வைத்து 'போ ஜெஸ்ட்' என்று விறுவிறுப்பான ஒரு நாவலும் எழுதியவர் என்பது பலருக்குத் தெரியாது. பாலைவனக் கோட்டையும் துப்பாக்கிச் சூடுமாகக் கதை சொல்லத் தெரிந்த மனிதர், பிள்ளைகளுக்கு என்று வந்தபோது கதையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஒற்றை ஒற்றை வாக்கியமாக அடுக்கினார். அந்தப் புத்தகத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்க இன்றைக்கும் நல்ல புத்தகம். அதையே பாடத்திட்டமாக்கியது நாம்.

சுதந்திரத்துக்குப் பிறகு வேறு காற்று அடித்தது. ஹார்ன்பி போன்றவர்கள் ஆங்கில வினைச்சொற்களை வாக்கிய அச்சுகளாகப் பிரித்துத் தந்தார்கள். விதியை விளக்காதே, அச்சைத் திரும்பத் திரும்பச் சொல்லவை என்ற கட்டமைப்பு முறை வந்தது. அதற்காகச் சென்னை மாநிலத்தில் 1950களின் இறுதியில் ஓர் இயக்கமே நடந்தது. 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுப்பது இலக்கு. சிலருக்குப் பயிற்சி, அவர்கள் சிலருக்கு, அவர்கள் இன்னும் பலருக்கு என்று பரவ வேண்டும் என்பதால் 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று பெயர். பனியே விழாத ஊரில் பனியுருண்டை! கடைசிப் படியில் இருந்த ஆசிரியருக்குப் போய்ச் சேரும்போது சரக்கு நீர்த்துப்போயிருந்தது என்று பின்னால் சொன்னார்கள். எந்தப் படிப்படியான பயிற்சியிலும் நடப்பதுதான் அது. ஆனாலும் கரும்பலகையில் பதிலீட்டு அட்டவணை போட்டு வகுப்பே கோரஸாகச் சொன்ன காலத்தில் பிள்ளைகளின் வாய் திறந்தது. இன்று பல வகுப்புகளில் அதுவும் இல்லை.

அடுத்து, மொழிக் கல்வியாளர் என்.எஸ். பிரபுவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். உலகம் முழுக்க மொழிக் கல்வித் துறையில் மேற்கோள் காட்டப்படும் ஒரு சோதனை, நம் ஊர்ப் பக்கத்துப் பள்ளிகளில் நடந்தது. நம் ஆசிரியர்களுக்கோ அது எம்.எட். தேர்வில் குறிப்பு எழுத மட்டும் தெரிகிறது. என்.எஸ். பிரபு அப்போது சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தார். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் சாதாரணப் பிள்ளைகள் படிக்கும் வகுப்புகளில் இலக்கணப் பாடத்திட்டம் என்ற ஒன்றே இல்லாமல் ஆங்கிலம் நடத்திப் பார்த்தார். ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, இன்ன நேரத்துக்குள் இன்ன ஊருக்குப் போக எந்த வண்டி என்று கண்டுபிடிக்கச் சொல்வது, ஓர் ஊர் வரைபடத்தில் வழி சொல்வது, இப்படிக் கணக்கு போல வேலைகள். முதலில் ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து ஒன்றைச் செய்து காட்டுவார். அதே போல இன்னொன்றைப் பிள்ளை தனியாகச் செய்ய வேண்டும். மனம் விடையைத் தேடிக்கொண்டிருக்கும்போது மொழியின் அமைப்பு உள்ளே படியும் என்பது அவர் கருத்து. 1987இல் புத்தகமாகவும் எழுதினார். பெரெட்டா, டேவிஸ் என்ற இருவர் வெளியிலிருந்து வந்து சோதித்து, ஓரளவு சாதகமான முடிவைத்தான் சொன்னார்கள்.

ஏன் பரவவில்லை? தேர்வு மாறவில்லை என்பது ஒரு காரணம். வகுப்பில் திடீரென்று எழும் கேள்விக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லும் தைரியம் எல்லா ஆசிரியருக்கும் இல்லை என்பது வெளியே சொல்லாத காரணம். ஆனால் கருத்திலேயே ஓர் ஓட்டை உண்டு. கனடாவில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளை ஃபிரெஞ்சு மொழியிலேயே எல்லாப் பாடமும் படிக்கவைத்தார்கள். வருடக்கணக்கில் படித்த பிறகும், கேட்டுப் புரிந்துகொள்வதில் ஃபிரெஞ்சுப் பிள்ளைகளுக்குக் கிட்டத்தட்ட இணையாக இருந்தவர்கள், பேசும்போதும் எழுதும்போதும் இலக்கணத்தில் தடுக்கினார்கள் என்று மெரில் ஸ்வெய்ன் 1985இல் எழுதினார். நாள் முழுக்க அந்த மொழியில் இருந்தவர்களுக்கே இந்தக் கதி. ஒரு நாளைக்கு ஒரு பீரியட் ஆங்கிலம் கேட்கும் நம் பிள்ளைக்குத் தானாக வரும் என்று விட்டுவிட முடியாது. ஆக, பயிற்சி வேண்டும். எப்படிப்பட்ட பயிற்சி?

முதலில், பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு மொழி முழுசாகத் தெரியும் என்பதை நம் பயிற்சிப் புத்தகங்கள் கண்டுகொள்வதே இல்லை. 'எ', 'ஆன்' பாடத்தை எடுங்கள். உயிரெழுத்துக்கு முன் 'ஆன்' என்று சொல்லி, பிறகு 'ஆன் ஹவர்', 'எ யுனிவர்சிட்டி' விதிவிலக்கு என்று பயமுறுத்துகிறோம். 'ஓர் ஊர், ஒரு வீடு' என்று தமிழ் வகுப்பில் படித்துவிட்டுத்தான் அந்தப் பிள்ளை அடுத்த பீரியடுக்கு வந்திருக்கிறது. அங்கே உயிரொலிக்கு முன் ஓர். இங்கேயும் உயிரொலிக்கு முன் 'ஆன்'. 'அவர்' என்று ஒலிப்பதால் 'ஆன் ஹவர்', யகரத்தில் தொடங்குவதால் 'எ யுனிவர்சிட்டி'. விதிவிலக்கே கிடையாது. ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டிய பாடம். மிச்ச நேரத்தைத் தமிழில் இணையே இல்லாத 'த' என்ற சொல்லுக்குச் செலவிடலாம். அது உண்மையிலேயே கஷ்டம்.

'ஹீ கோ' என்று எழுதாதே, 'ஹீ கோஸ்' என்று எழுது என்று ஆறாம் வகுப்பிலிருந்து கத்துகிறோம். தமிழ்ப் பிள்ளைக்கு வினை எழுவாயோடு ஒத்துப்போக வேண்டும் என்பது புதிய செய்தியா? வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன என்று பிரித்துப் பேசுகிற பிள்ளை அது. நம் விகுதிக்கு வேலை உண்டு. 'வந்தாள்' என்றால் போதும், 'அவள்' தேவையில்லை. ஆங்கிலத்தில் 'ஹீ' என்று சொல்லியே ஆக வேண்டும். சொன்ன பிறகு அந்த ஸகரம் புதிதாக எதையும் சொல்வதில்லை. பயனில்லாததை மனம் கழற்றிவிடுகிறது. ஸ்பானிய, சீனத் தாய்மொழிப் பிள்ளைகள் ஆங்கிலம் கற்பதை 1974இல் ஆராய்ந்த டூலே, பர்ட் இருவரும், இரு கூட்டத்துக்கும் இந்த விகுதி பிந்தித்தான் வருகிறது என்று கண்டார்கள். எனவே ஒன்பதாம் வகுப்பில் அது விட்டுப்போனால் ஆசிரியர் தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம். பிழை என்பது கற்பவர் உள்ளே என்ன விதி வைத்திருக்கிறார் என்பதற்குச் சான்று என்று பிட் கார்டர் 1967இலேயே எழுதிவிட்டார். வழுவைத் திணை வழு, பால் வழு, கால வழு என்று வகைபிரித்து, வழுவமைதிக்கும் இடம் வைத்த இலக்கண மரபில் வந்த நமக்கு இது புரியாத விஷயமல்ல.

அதே கண்ணோடு, அந்த மாணவி சொல்லும் இன்னொரு வாக்கியத்தைப் பாருங்கள்: 'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே'. ஏன் அப்படிச் சொல்கிறாள்? தமிழில் 'பார்த்திருக்கிறேன்' என்பதோடு 'நேற்று' சேரலாம், 'போன வருஷம்' சேரலாம், ஒரு குற்றமும் இல்லை. ஆங்கிலத்தில் அந்த வினைவடிவம் முடிந்துபோன காலத்தைக் குறிக்கும் சொல்லைப் பக்கத்தில் சேர்க்காது. இந்த ஒரு வேறுபாட்டை இரண்டு மொழி வாக்கியங்களையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் தீர்ந்தது. ஆங்கில வகுப்பில் தமிழ் வாக்கியம் எழுதக் கூடாது என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியாது.

இரண்டாவது, கோடிட்ட இடத்துக்கு அருகிலேயே விடையை வைப்பதை நிறுத்த வேண்டும். 'ஷீ டேஷ் டு த மார்க்கெட் யெஸ்டர்டே', அடைப்புக்குறியில் 'கோ'. பிள்ளையின் கண் கடைசிச் சொல்லுக்குப் போகிறது, 'யெஸ்டர்டே' இருக்கிறது, 'வென்ட்' என்று எழுதுகிறது. 'ஷீ' யார், மார்க்கெட்டுக்கு ஏன் போனாள், ஒன்றையும் படிக்கவில்லை. படிக்கத் தேவையில்லாமல்தானே கேட்டிருக்கிறோம்! பில் வான்பாட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களில் இதைத்தான் திருப்பிப்போட்டார். காலச் சொல்லை எடுத்துவிடு, வினையின் வடிவத்தை மட்டும் விடு, அதைக் கவனித்தால் ஒழியப் பொருள் தெரியாதபடி கேள்வி கேள் என்றார். 'தே பிளே ஆன் அவர் கிரவுண்ட்', 'தே பிளேய்ட் ஆன் அவர் கிரவுண்ட்'. வாட்ச்மேன் யாரைப் பிடிக்க இன்றைக்குச் சாயங்காலம் ஒளிந்து நிற்பார்? இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் பிள்ளை ஒரு விகுதியைக் காதால் கேட்டிருக்கிறது.

மூன்றாவதாகச் சொல்லப்போவது செலவில்லாத பயிற்சி. ரூத் வாஜ்ன்ரிப் 1990இல் இலக்கணச் சொல்வதெழுதுதல் என்று இதற்கே ஒரு புத்தகம் எழுதினார். ஆசிரியர் நாலைந்து வாக்கியங்களைச் சாதாரண வேகத்தில் இரண்டு முறை படிப்பார். பிள்ளைகள் காதில் விழுந்த சொற்களை மட்டும் குறித்துக்கொள்வார்கள். பிறகு மூன்று நான்கு பேராகச் சேர்ந்து அந்தப் பத்தியை முழு வாக்கியங்களாகத் திரும்பக் கட்ட வேண்டும். கடைசியில் மூலத்தோடு ஒப்பிடுவது. ஸ்மார்ட் போர்டு வேண்டாம், ஜெராக்ஸ் வேண்டாம்.

ஒரு பத்தி இப்படி இருக்கட்டும்: 'வென் வீ ரீச்ட் த பஸ் ஸ்டாண்ட், த லாஸ்ட் பஸ் ஹேட் லெஃப்ட். த டீ ஷாப் வாஸ் குளோஸ்ட். மை ஃபாதர் வாஸ் வெயிட்டிங் வித் எ டார்ச்.' குழுவில் ஒருத்தி 'பஸ் லெஃப்ட்' என்று எழுதியிருப்பாள், இன்னொருத்தி நடுவில் 'ஹேட்' கேட்டதாகச் சாதிப்பாள். சண்டை தமிழில்தான் நடக்கும், நடக்கட்டும். 'நாம போனப்போ பஸ் போச்சா, போயிருந்துச்சா?' என்று ஒருத்தி கேட்டுவிட்டால் பாடம் முடிந்தது. போச்சு என்றால் கண் முன்னால் கிளம்பிப் போகிறது, ஓடிப்போய்த் தொற்றிக்கொள்ளலாம். போயிருந்துச்சு என்றால் வெறும் ஸ்டாண்டு. அப்பா டார்ச்சோடு நிற்பதற்கு எது பொருத்தம்? 'பாஸ்ட் பர்ஃபெக்ட்' என்று பெயர் வைத்து, இரண்டு செயல்களில் முந்தையதற்கு அதைப் போடு என்று விதி எழுதி, பத்து வாக்கியம் கொடுத்தும் ஏறாத விஷயம், ஒரு கடைசி பஸ்ஸில் ஏறிவிடும். 'வாஸ் குளோஸ்ட்' என்பதையும் கவனியுங்கள். டீக்கடையை யார் மூடினார் என்பது யாருக்கும் முக்கியமில்லை. செயப்பாட்டுவினை வேலை செய்யும் இடம் இதுதான். கதவுக்குக் கட்டளையிடும் இடம் அல்ல.

திருத்துவது பற்றி ஒரு வார்த்தை. ஒரு வகுப்பு நோட்டை முழுக்கச் சிவப்பாக்குவதால் பயனில்லை, கேடுதான் என்று ஜான் டிரஸ்காட் 1996இல் எழுதினார். டேனா ஃபெரிஸ் மறுத்து எழுதினார். சர்ச்சை இன்னும் தீரவில்லை. நாற்பது நோட்டு வைத்திருக்கும் ஆசிரியருக்கு என் யோசனை சுருக்கமானது. இந்த வாரம் இறந்தகாலம் என்றால் இறந்தகாலத்தை மட்டும் திருத்துங்கள். மற்றதைப் பார்த்தும் பார்க்காதது போல விடுங்கள். தலைமையாசிரியரிடம் இதைச் சொல்லி அனுமதி வாங்குவது தனிக் கலை.

'எல்லாம் சரி சார், வினாத்தாள் மாறாதே' என்பீர்கள். 2019-20 கல்வியாண்டிலிருந்து பத்தாம் வகுப்பு ஆங்கிலம் இரண்டு தாளிலிருந்து ஒரே தாளாகிவிட்டது. அவ்வளவு பெரிய மாற்றம் முடியுமென்றால் ஒரு வினாவின் அமைப்பை மாற்றுவது முடியாத காரியமா? நேர்கூற்று, அயற்கூற்று வினாவையே எடுத்துக்கொள்வோம்.

தமிழில் இது வெகு சுலபம். முருகன் 'நாளைக்கு நான் வரேன்' என்றான். அதை நாம் வீட்டில் போய், 'முருகன் நாளைக்கு நான் வரேன்னு சொன்னான்' என்போம். அவன் வாயிலிருந்து வந்ததை அப்படியே தூக்கி, 'என்று' போட்டு வைத்துவிடுகிறோம். 'நான்' என்றால் முருகன்தான், யாருக்கும் குழப்பமில்லை. ஆங்கிலம் அப்படிச் செய்ய விடாது. சொல்கிற ஆளின் இடத்திலிருந்து எல்லாவற்றையும் திருப்பிச் சொல்ல வேண்டும். 'ஐ' போய் 'ஹீ', 'வில்' போய் 'வுட்', 'டுமாரோ' போய் 'த நெக்ஸ்ட் டே'. இதற்கு நம்மிடம் ஓர் அட்டவணை இருக்கிறது, பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார்கள். ஆனால் அட்டவணை எப்போதும் சரியில்லை. முருகன் காலையில் சொன்னதை அன்றைக்கு மதியமே அம்மாவிடம் சொன்னால், நாளை என்பது இன்னும் நாளைதான். 'ஹீ செட் ஹீ வுட் கம் டுமாரோ' என்பதில் ஒரு தவறும் கிடையாது. 'வுட்' இடத்தில் 'வில்' இருந்தாலும் தவறில்லை. விடைக்குறிப்பை வைத்துத் திருத்தினால் அந்தப் பிள்ளைக்கு மதிப்பெண் போகும்.

வினாவை இப்படிக் கேட்கலாம். முருகன் திங்கள்கிழமை காலை போனில் சொன்னது என்று ஒரு வாக்கியம் கொடுங்கள். அதை அன்று மதியம் உன் அம்மாவிடம் சொல். மூன்று வாரம் கழித்து உன் தோழிக்கு எழுதும் கடிதத்தில் அதையே குறிப்பிடு. ஒரே செய்தி, இரண்டு விடை, அதே இரண்டு மதிப்பெண். விதி தெரியாத பிள்ளை இதற்கு விடை எழுத முடியாது. அட்டவணையை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளையும் பாதியில் நிற்கும். திருத்தும் முகாமில் இதனால் கொஞ்சம் சத்தம் கிளம்பும் என்பது எனக்குத் தெரியும். 'வில்' எழுதினால் ஒரு மதிப்பெண்ணா அரையா என்று ஒவ்வொரு மேசையிலும் கேள்வி வரும். முதன்மைத் தேர்வாளர் காலையிலேயே மாதிரி விடைத்தாள்கள் சிலவற்றை எல்லோரோடும் சேர்ந்து திருத்தி, ஏற்கத்தக்க விடைகளை விடைக்குறிப்பின் கீழே எழுதிச் சேர்த்துவிட்டால் அந்தச் சத்தம் அரை மணி நேரத்தில் அடங்கிவிடும். அந்த அரை மணி நேரத்தை முகாமின் கால அட்டவணையில் ஒதுக்கித் தரும்படி துறையிடம் கேட்பது, ஆசிரியர் சங்கங்கள் இந்த ஆண்டே செய்யக்கூடிய வேலை.